நோன்புக்கு முந்தின நாள்

எக்ஸ்சேஞ்ச் செமஸ்டருக்கோ எம்.எஸ். படிக்கவோ ஆஸ்திரியா பக்கம் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஜனவரி, பிப்ரவரியில் அங்கே இருந்தால் கிராப்ஃபன் சாப்பிடாமல் வராதீங்க. டோநட் இனம்தான், ஆனால் நடுவில் ஓட்டை கிடையாது. ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்த மாவு உருண்டையைப் பொரித்து, உள்ளே ஆப்ரிகாட் ஜாம் ஏற்றி, மேலே பொடித்த சர்க்கரை தூவியிருப்பார்கள். முதல் கடியில் சர்க்கரை மூக்கில் ஏறும். இரண்டாவது கடியில் ஜாம் சட்டையில் விழும். வெள்ளைச் சட்டை வேண்டாம்.

ஆப்ரிகாட்டுக்கு ஜெர்மனியில் ‘அப்ரிகோஸ’ என்று பெயர். ஆஸ்திரியாவில் ‘மரில்ல’. 1995இல் ஐரோப்பிய யூனியனில் சேரும்போது, எங்கள் சாப்பாட்டு வார்த்தைகள் 23ஐ அப்படியே ஏற்கணும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள். அதில் மரில்லவும் ஒன்று. ஜாம் விஷயத்தில் எவ்வளவு சீரியஸான ஆட்கள் என்று இதிலேயே புரிந்துவிடும்.

நான் கிராஸ் நகரத்தில் போய் இறங்கியது 2025 பிப்ரவரி கடைசியில். ஊர் முழுக்க ஃபாஷிங் மூட். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின கொண்டாட்டக் காலத்துக்குத்தான் ஃபாஷிங் என்று பெயர். சூப்பர் மார்க்கெட் வாசலிலேயே கிராப்ஃபன் பெட்டிகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. எனக்கு அது புதுசு, அதுதான் விசித்திரம். நான் தூத்துக்குடி, கத்தோலிக்கக் குடும்பம். தவக்காலம் எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. திருநீற்றுப் புதன் காலையில் நெற்றியில் சாம்பல். வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம். ஆச்சிக்கு ஒருசந்தி. உயிர்ப்பு ஞாயிறு வரை வீட்டில் கறி கிடையாது, ஆச்சி இருக்கிற வீடு என்பதால் மீனும் கிடையாது. தூத்துக்குடியில் மீன் இல்லாமல் ஆறு வாரம்! நினைத்துப் பாருங்க. ஆனால் அந்தப் புதனுக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் என்ன விசேஷம்? ஒன்றுமே இல்லை. வெறும் செவ்வாய்க்கிழமை.

இருபது வருஷம் நோன்பை மட்டும் பார்த்து வளர்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு விருந்து உண்டு என்பதே அங்கே போய்த்தான் தெரிந்தது.

விருந்தின் காரணம் ரொம்ப சிம்பிள். ஐரோப்பாவில் பழைய காலத் தவக்காலத்தில் இறைச்சி மட்டும் விலக்கு இல்லை. முட்டை, பால், வெண்ணெய், பன்றிக் கொழுப்பு எல்லாமே விலக்கு. வீட்டில் மிச்சம் இருப்பதைப் புதனுக்குள் காலி பண்ணணும். கிராப்ஃபன் ரெசிப்பியைப் பாருங்க: பால், வெண்ணெய், மஞ்சள் கரு, பொரிக்கக் கொழுப்பு. விலக்குப் பட்டியலையே ரெசிப்பி ஆக்கின மாதிரி இருக்கும். (கோழிக்கு நோன்பு தெரியாதே, அது பாட்டுக்கு முட்டை போட்டுக்கொண்டே இருக்கும். அப்படிச் சேர்ந்த முட்டைகள்தான் ஈஸ்டர் முட்டை ஆயின என்பார்கள்.) இன்றைக்கு அந்த நாட்டு உணவுச் சட்டத்தொகுப்பே, ஒரு கிலோ மாவுக்குக் குறைந்தது 6 மஞ்சள் கரு இருக்கணும் என்கிறது. வியன்னாவில் செசிலி கிராப்ஃப் என்ற பேக்கரிக்காரம்மா கோபத்தில் எறிந்த மாவு உருண்டை கொதிக்கிற கொழுப்பில் விழுந்துதான் இது பிறந்தது என்று ஒரு கதையும் சொல்வார்கள். நம்பாதீங்க. அந்தம்மாவின் காலத்துக்குப் பல நூறு வருஷம் முன்பே அந்தப் பெயர் இருந்திருக்கிறது.

எங்களுக்கு வழிகாட்டப் பல்கலைக்கழகம் ஒதுக்கியிருந்த மாணவிக்கு ஊர் பாட் ஆவ்ஸே பக்கம், மலைகளுக்கு நடுவில். ஃபாஷிங்கின் கடைசி மூன்று நாளுக்கு என்னையும் கூட்டிப்போனாள். திங்கட்கிழமை, ஆண்கள் வெள்ளை நிறப் பெண்கள் உடையும் முகமூடியும் போட்டு மேளம் அடித்துக்கொண்டு தெருத்தெருவாக வந்தார்கள். செவ்வாய்க்கிழமை ஜிகினா தைத்த உடையில் வந்தவர்கள், பாட்டு சொல்லும் குழந்தைகளுக்குக் கொட்டைகள் கொடுத்தார்கள். ஆனால் எனக்கு மறக்காதது அவள் பாட்டியின் சமையலறைதான்.

பாட்டிக்கு எண்பது வயசு இருக்கும். என் ஜெர்மன் அவருக்குப் புரியவில்லை, அவர் ஜெர்மன் எனக்குப் புரியவில்லை. பேத்திதான் நடுவில். மாவில் கொஞ்சம் ரம் ஊற்றினார். அப்போதுதான் கொழுப்பை அதிகம் குடிக்காதாம். உருண்டைகளைத் துணி மூடி அடுப்புப் பக்கமாக வைத்தார். கொழுப்பு காய்ந்ததா என்று பார்க்க மரக்கரண்டிக் காம்பை உள்ளே விட்டார். சுற்றிக் குமிழி வந்தால் சரி. 160, 170 டிகிரி இருக்கும். தெர்மாமீட்டர் எல்லாம் இல்லை. உருண்டையைத் தலைகீழாகப் போட்டு, பாத்திரத்தை மூடினார். உள்ளே ஆவி நிற்பதால் மேல்பக்கம் காயாமல் இன்னும் உப்பும். திருப்பிய பிறகு மூடி வேண்டாம்.

வெளியே எடுத்தபோது இரண்டு பக்கமும் பழுப்பு, இடுப்பைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு வெளுப்பாக ஒரு வளையம். பாட்டி ஒவ்வொன்றாகத் தூக்கி அதைத்தான் பார்த்தார். நம்ம ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ்தான் இது. உருண்டை பாதிக்கும் குறைவாக மூழ்கினால்தான் இரண்டு பக்கமும் வெந்த பிறகும் நடுவில் வெந்நிறம் படாத பட்டை மிஞ்சும். அதாவது அதன் அடர்த்தி கொழுப்பின் அடர்த்தியில் பாதிகூட இருக்கக் கூடாது. மாவு சரியாகப் பொங்கவில்லை என்றால் உருண்டை ஆழமாக மூழ்கும், வளையம் வராது. உடைக்காமலே உள்ளே எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிற டெஸ்ட். கடையில் வாங்கும்போது நீங்களும் முதலில் அந்த வளையத்தைப் பாருங்க.

அவர் சின்னப் பிள்ளையாக இருந்தது போர் முடிந்த காலம். முட்டையை எண்ணித்தான் செலவழிப்பார்களாம், கிராப்ஃபன் ஆளுக்கு ஒன்று. இப்போது அவர் நாற்பது சுடுகிறார். சாப்பிட ஆள்தான் குறைந்துவிட்டது என்றார். செவ்வாய் சாயங்காலம் கடைசி ஈடு முடிந்ததும் பாத்திரத்தைக் கழுவி, துடைத்து, அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். இனி ஈஸ்டர் வரைக்கும் அவர் எதுவும் பொரிக்க மாட்டாராம். பேத்தி இதைச் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். அவளுக்கு நோன்பு எல்லாம் கிடையாது.

அவள் மட்டும் இல்லை. மறுநாள் புதன், கிராஸில் கோயிலுக்குப் போனேன். வந்திருந்த கொஞ்சப் பேரில் முக்கால்வாசி வயசானவர்கள். வெளியே வந்தால் ஓட்டல் ஓட்டலாக ‘ஹெரிங் விருந்து’ போர்டு. இறைச்சி கூடாத நாள் என்று தொடங்கிய பழக்கம், இப்போது விதவிதமான மீனும் இறாலும் வைத்த பெரிய பஃபே. சூப்பர் மார்க்கெட்டில் கிராப்ஃபன் பெட்டி பாதி விலை. எங்கள் வீட்டில் விருந்து இல்லாத நோன்பு. இங்கே முக்கால்வாசிப் பேருக்கு நோன்பு இல்லாத விருந்து. இரண்டையும் சேர்த்து வைத்திருந்த ஒரே ஆள், நான் பார்த்த வரையில், அந்தப் பாட்டிதான்.

எனக்கும் அங்கே கேட்க ஆள் இல்லை. ஆச்சி 7000 கிலோமீட்டர் தள்ளி. ஹாஸ்டல் கிச்சனில் பக்கத்து அடுப்பில் தினமும் சிக்கன் வாசனை. இருந்தும் ஈஸ்டர் வரை நான் கறியைத் தொடவில்லை. இதைப் பக்தி என்று சொன்னால் பொய். பாட் ஆவ்ஸேயில் மூன்று நாளில் ஒன்பது கிராப்ஃபன் சாப்பிட்டிருந்தேன், அதற்கு நான் ஏதோ பாக்கி வைத்திருக்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஊரில் இருந்தவரை நோன்பு வீட்டில் வைத்த சட்டம். அந்த வருஷம்தான் முதல் தடவையாக நானாக இருந்தேன்.

அந்த வார வீடியோ காலில் ஆச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேளம், ரம், ஆறு மஞ்சள் கரு, ஹெரிங் பஃபே. ஆச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப நோன்பு யாருதான் இருக்கா?” என்றார். அந்தப் பாட்டி பாத்திரத்தை மேலே எடுத்து வைத்ததைச் சொன்னேன்.

“நான் கேட்டேன்னு அவங்ககிட்ட சொல்லு, என்ன?” என்றார் ஆச்சி.