நம் பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரியும், பணம் தெரியுமா?



எட்டாம் வகுப்புக்குக் கூட்டு வட்டியும் பன்னிரண்டாம் வகுப்புக்கு நுண்கணிதமும் கற்பித்து இருபத்தெட்டு ஆண்டுகளைக் கழித்தவன் நான். என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இன்று வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் நல்ல நிலையில் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். நல்ல ஆசிரியன் என்ற எண்ணம் எனக்குள் இருந்தது உண்மை. ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து ஹவுளு ஓரமாக வந்தபோது அந்த எண்ணம் உடைந்தது.

பிளஸ் டூ படிக்கும் மாணவன் ஒருவன் எனக்காகக் காத்திருந்தான். வகுப்பில் கணிதத்தில் முதல் மதிப்பெண் எடுப்பவன். முகம் வெளிறியிருந்தது. கல்வி உதவித்தொகைக்காக அவன் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்று இருந்தது. பக்கத்து ஊரில் பந்து விளையாடப் போன இடத்தில் பழக்கமான ஒருவர், “உன் கணக்கு சும்மாதானே கிடக்கிறது, ஒரு மாதத்துக்குக் கொடு” என்று கேட்டு, ஏடிஎம் கார்டையும் சிம் கார்டையும் வாங்கிக்கொண்டு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார். மூன்று வாரத்தில் கணக்கு முடக்கப்பட்டுவிட்டது. வேறு மாநிலத்தில் யாரிடமோ மோசடி செய்து பறித்த பணம் அந்தக் கணக்கின் வழியாகப் போயிருக்கிறது. அம்மாநிலக் காவல்துறையிலிருந்து அழைப்பு வந்திருந்தது. வாப்பா ரியாத்தில் ஓட்டுநர். உம்மாவுக்கு விஷயம் தெரியாது.

“நான் யாரையும் ஏமாத்தலையே சார். கார்டைத்தானே கொடுத்தேன்” என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. தன் பெயரில் உள்ள கணக்கில் நடப்பது அனைத்துக்கும் தானே பொறுப்பு என்பதை அவனுக்கு யாரும் சொல்லியதில்லை. நானும் சொல்லியதில்லை. அசல், வீதம், காலம் என்று மூன்றையும் கொடுத்தால் கூட்டு வட்டியை ஒரு நிமிடத்தில் கணக்கிட்டுவிடுவான். அந்தச் சூத்திரத்தைக் கற்பித்தவன் நான்தான். ஒரு வங்கிக் கணக்கு என்பது என்ன என்று மட்டும் கற்பிக்கவில்லை.

தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை அழைத்துக்கொண்டு மாவட்ட சைபர் குற்றப் பிரிவுக்குப் போனோம். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தான். அல்லாஹ்வின் அருளால் பெரிய விபரீதம் நேரவில்லை. ஆனாலும் அந்தக் கணக்குத் திறக்க ஏழு மாதங்களாயின. அதற்குள் கல்லூரிச் சேர்க்கைக்குக் கட்ட வேண்டிய பணத்துக்காக அவன் உம்மா சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் மதரஸாக் கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடத்தலாமா என்று ஜமாஅத்தில் கேட்டேன். ஆண் பிள்ளைகளுக்குக் காலையில், பெண் பிள்ளைகளுக்கு லுஹருக்குப் பின். ஒரு பெரியவர், “ஓத வேண்டிய இடத்தில் காசு பணத்தைப் பற்றிய பேச்சு எதற்கு?” என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அது நம்மில் பலருக்கும் உள்ள எண்ணம். பதில் சொன்னவர் எங்கள் ஹஜ்ரத். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்று அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தை நினைவூட்டினார். அத்தோடு அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தையும் எடுத்துச் சொன்னார். அநாதைப் பிள்ளைகளின் சொத்தை அவர்களிடம் ஒப்படைக்கும் முன் அவர்களைச் சோதித்து, பக்குவம் வந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்கிறது அது. வயது வந்தால் மட்டும் போதாது. சிறிதளவு பணத்தைக் கையில் கொடுத்து அதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்ப்பதே அந்தச் சோதனை என்று விரிவுரையாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். “அநாதைக்கே இந்த ஏற்பாடு என்றால், வாப்பா உயிரோடு இருக்கும் பிள்ளையை நாம் ஏன் சோதிக்காமல் விடுகிறோம்?” என்று ஹஜ்ரத் கேட்டார். பெரியவர் சிரித்துவிட்டார். மறு வாரம் தம் பேரனை அவரே அழைத்து வந்தார்.

முதல் வகுப்பில் பணத்தைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை. வீட்டில் ஒரு மாதம் ஆகும் செலவு எவ்வளவு இருக்கும் என்று ஆளுக்கொரு தாளில் எழுதச் சொன்னேன். வாடகையையும் மளிகையையும் எழுதினார்கள். எரிவாயு உருளையை எழுதியவர்கள் நான்கு பேர். மருந்துச் செலவை எழுதியவர் எவருமில்லை. ஒரு பையன் தன் பைக்குக்கான பெட்ரோலை மட்டும் பைசா சுத்தமாக எழுதியிருந்தான்.

பிறகு வட்டிக்கு வந்தோம். உடனே ஒரு மாணவி கை தூக்கினாள். “வட்டி ஹராம்தானே சார், அதை ஏன் நாங்க படிக்கணும்?” நியாயமான கேள்வி. ஹராம் என்று தெரிந்த பிள்ளைக்கு அதன் முகம் தெரிய வேண்டாமா என்று நான் திருப்பிக் கேட்டேன். இன்று வட்டி, வட்டி என்ற பெயரோடு வருவதில்லை. சேவைக் கட்டணம், நடைமுறைக் கட்டணம், தாமதக் கட்டணம் என்று வருகிறது. ‘வட்டியில்லாத் தவணை’ என்று கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். ரொக்கமாக வாங்குபவருக்குத் தரும் தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடைக்காது. அந்தத் தள்ளுபடி எங்கே போயிற்று என்று பிள்ளை கேட்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊரில் ‘ரெண்டு ரூபா வட்டி’ என்கிறோம். நூற்றுக்கு மாதம் இரண்டு. ஆண்டுக்கு 24 விழுக்காடு. இதைச் சொன்னபோதே சிலர் வியந்தார்கள். அடுத்து ஒரு கணக்குப் போட்டோம். பன்னிரண்டாயிரம் ரூபாய் கடன், ஆண்டுக்கு 12 விழுக்காடு, பன்னிரண்டு தவணை. மொத்தம் 13,440, மாதம் 1,120. பார்க்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதந்தோறும் அசலில் ஆயிரம் ரூபாய் திரும்பிக்கொண்டே இருக்கிறதே, ஆண்டு முழுவதும் உன் கையில் பன்னிரண்டாயிரமா இருந்தது? முதல் மாதம் பன்னிரண்டாயிரம், அடுத்த மாதம் பதினோராயிரம், கடைசி மாதம் ஆயிரம். சராசரி 6,500தான். அந்த 6,500க்கு 1,440 ரூபாய் வட்டி என்றால் 22 விழுக்காட்டுக்கும் மேல். பலகையில் இதை எழுதி முடித்தபோது கூடத்தில் சத்தமே இல்லை. இருபத்தெட்டு ஆண்டுகளில் என் கணித வகுப்பு எதிலும் அப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை.

செல்பேசிக் கடன் செயலிகளின் கணக்கு இதைவிடக் கொடியது. ஐயாயிரம் கடன் என்பார்கள். பிடித்தம் போக 3,500 கையில் வரும். ஏழாம் நாள் ஐயாயிரமாகத் திருப்ப வேண்டும். 3,500க்கு ஒரு வாரத்தில் 1,500. இதே வீதத்தை ஆண்டுக்குப் பெருக்கினால் 2,200 விழுக்காட்டைத் தாண்டுகிறது. கட்டத் தவறினால் செல்பேசியில் உள்ள எண்கள் அனைத்துக்கும் அவதூறு போகும். கந்து வட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. வாசலில் வந்து நிற்கும் கந்து வட்டிக்காரனையாவது ஊர் பார்க்கும். சட்டைப் பைக்குள் இருப்பவனை யார் பார்ப்பது?

சில செய்திகளைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை அழுத்த வேண்டியதே இல்லை. அழுத்தச் சொன்னால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று பொருள். பத்து வயது நிறைந்த பிள்ளை தன் கணக்கைத் தானே இயக்க வங்கி விதிகளில் இடமுண்டு. ஆனால் கணக்கும் கார்டும் சிம்மும் இரவல் கொடுக்கும் பொருள்களல்ல. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். சேமிப்புக் கணக்கில் தானாக வந்து சேரும் வட்டியை என்ன செய்வது என்று கேட்டார்கள். அதை ஹஜ்ரத்திடம் விட்டேன். தனக்கென வைத்துக்கொள்ளாமல், நன்மையை எதிர்பார்க்காமல் தேவையுள்ளவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று விளக்கினார்.

பெண் பிள்ளைகளை எங்களூர் பைத்துல்மாலுக்கு அழைத்துச் சென்றேன். நகையைப் பெற்றுக்கொண்டு வட்டியில்லாக் கடன் தரும் இடம். “நம்ம ஆளுங்கதானே, நகை எதுக்கு?” என்று ஒருத்தி கேட்டாள். நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அவர்களுடைய கவசம் வாற்கோதுமைக்காக மதீனாவில் ஒரு யூதரிடம் அடகில் இருந்ததைச் சொன்னேன். அடகு வைப்பதும் வாங்குவதும் நம்பிக்கைக் குறைவு ஆகாது. அன்று நகைப் பேச்சு நீண்டது. பவுனுக்கு எட்டு கிராம். ஜகாத்துக்குரிய 85 கிராம் என்பது பத்தரைப் பவுனுக்குச் சற்று மேல். அணியும் நகைக்கு ஜகாத் உண்டா என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. அதற்குள் நான் போகவில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன்: உங்கள் மஹரும் நகையும் உங்கள் சொத்து. கணவரே ஆனாலும், திருப்பித் தருவதாகச் சொல்லி அவர் வாங்கினால் அது கடன்தான்.

சிக்கல் நான்காம் வாரம் வந்தது. “வீட்டில் வாப்பாவிடமோ உம்மாவிடமோ, நமக்குக் கடன் யாரிடம் இருக்கிறது, நமக்குத் தர வேண்டியவர் யார் என்று கேட்டு எழுதி, வீட்டிலேயே பத்திரப்படுத்துங்கள். என்னிடம் காட்ட வேண்டாம்” என்று சொல்லியிருந்தேன். மறுநாளே ஒரு தாய் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். “படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு சார் இந்தக் கவலை? அவ ராத்திரி முழுக்கத் தூங்கலை. நாங்க மானத்தோட மூடி வச்சிருக்கோம்.” அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. பெற்றோரின் சுமையைப் பிள்ளையின் தோளில் ஏற்றும் உரிமை எனக்கு இல்லை. உட்காரச் சொல்லி, எங்கள் வாப்பாவின் கதையைச் சொன்னேன். அதை நான் அதிகம் பேருக்குச் சொல்லியதில்லை.

எங்கள் வாப்பா பத்தொன்பது ஆண்டுகள் சவூதியில் இருந்தவர். ஊர் திரும்பிய மூன்றாம் ஆண்டில் மாரடைப்பில் மௌத்தானார். எனக்கு அப்போது இருபது வயது, கல்லூரி இரண்டாம் ஆண்டு. ஜனாஸாத் தொழுகைக்கு முன் மூத்த மகன் நின்று, மையித்துக்குக் கடன் ஏதும் இருந்தால் என்னிடம் கேளுங்கள் என்று சொல்வது நம் வழக்கம். கடனோடு மௌத்தானவருக்கு மற்றொருவர் அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பிறகே நபி (ஸல்) அவர்கள் தொழுவித்த நிகழ்ச்சி நமக்குத் தெரியும். நானும் ஸஃபுகளுக்கு முன்னால் நின்று சொன்னேன். சொல்லும்போதே என் மனத்தில் ஓடியது ஒன்றுதான்: எவ்வளவு இருக்கும்?

மூன்று பேர் வந்தார்கள். முதலாமவரிடம் வாப்பா கையெழுத்திட்ட புரோநோட்டு இருந்தது. இரண்டாமவர் தம் கணக்கேட்டைக் காட்டினார். அதில் வாப்பாவின் கையெழுத்து இருந்தது. மூன்றாமவர் ஒரு முதியவர். எட்டாயிரம் ரூபாய் என்றார். தாளில்லை, சாட்சியில்லை. உம்மாவைக் கேட்டோம், வாப்பா எதையும் வீட்டில் சொல்லும் பழக்கமில்லாதவர் என்பதால் உம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. மற்ற இருவருக்கும் நிலத்தில் ஒரு பகுதியை விற்றுக் கொடுத்தோம். அந்த எட்டாயிரத்தை இரண்டு ஆண்டுகள் டியூஷன் எடுத்து நான் அடைத்தேன். அது வாப்பாவின் கடன்தானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. வாப்பா பிறருக்குக் கொடுத்து வைத்தது எவ்வளவு என்பதும் தெரியாது. தருவதற்கு எவரும் வரவில்லை.

அந்தத் தாய் வெகுநேரம் பேசாமல் இருந்தார். புறப்படும்போது, “அவகிட்ட எல்லாத்தையும் சொல்ல மாட்டேன் சார். எழுதி பீரோவுல வைக்கிறேன், இன்ஷா அல்லாஹ்” என்றார். அதுவே சரியான வழி என்று எனக்கும் பட்டது. வகுப்பில் அந்தப் பாடத்தை அப்படியே மாற்றிக்கொண்டேன். எழுதுவது பெரியவர்கள், எங்கே வைத்திருக்கிறோம் என்பதை அறிந்திருப்பது பிள்ளைகள்.

அன்றிரவு இஷா முடிந்து வீட்டுக்கு வந்தபோது, பிளஸ் ஒன் படிக்கும் என் மகள், “வாப்பா, உங்க தாளை எங்கே வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். நான் எழுதியிருக்கவில்லை.

உட்கார்ந்து எழுதினேன். பைத்துல்மாலில் ஒரு கடன், மளிகைக் கடையில் மாதக் கணக்கு, மச்சானிடம் மருத்துவச் செலவுக்கு வாங்கியது, பள்ளியில் உடன் பணிபுரிபவரிடம் வாங்கிய இரண்டாயிரம் என ஏழு வரிகள் வந்தன. முடித்துவிட்டு என் மனைவியிடம் நீட்டினேன். மேலிருந்து கீழ்வரை படித்தார். மறுபடியும் படித்தார்.

“என்னங்க, இந்த வீடு கட்டும்போது என் வளையல் ரெண்டை வாங்கினீங்களே, அதை எழுதலையா?”

பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. கான்கிரீட் போட்ட வாரம், ஆறு மாதத்தில் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி வாங்கியவை. கடன் என்ற நினைவே எனக்கு இல்லை. பேனாவை எடுத்து எட்டாவது வரியாக, ‘வளையல் 2, மூன்று பவுன்’ என்று எழுதினேன்.

“மூணரை” என்றார்.