கொல்லிமலை: ஓரியின் அம்பும் அவுட்டுக்காயும்

நாமக்கல் பக்கமிருந்து வருபவர்களுக்குக் காரவள்ளி தாண்டியதும் மலைப்பாதை ஆரம்பமாகிவிடும். அங்கிருந்து எண்ணினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். கடைசி வளைவைக் கடக்கும்போது அடிவாரத்து வெயில் மறந்துபோகும். சாலையோரத்தில் மிளகுக்கொடி, காபி, பலா, அன்னாசி, சரிவுகளில் மரவள்ளி. வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, சேலூர்நாடு என்று இங்கே ஊர்ப் பெயர்களே ‘நாடு’ என்றுதான் முடிகின்றன.

செம்மேட்டில் நிற்கிறது வல்வில் ஓரியின் சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலையை ஆண்டவன். ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கை ஒட்டி அவனுக்கு அரசு விழா நடக்கிறது. புறநானூற்றில் வன்பரணர் அவனுடைய வேட்டையைப் பாடியிருக்கிறார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாம்!

தீனி போட்டுச் சுடலாமா?

ஓரி காலத்தில் வேட்டை வீரம். இன்று அமெரிக்காவில் அது பொழுதுபோக்கு. அங்கே மான் வேட்டைக்காரர்களுக்குள் ஓயாத ஒரு சண்டை உண்டு. மக்காச்சோளத்தைக் கொட்டி வைத்து, தின்ன வரும் மானைச் சுடுவது சரியா? சில மாநிலங்கள் அனுமதிக்கின்றன, சில தடுக்கின்றன. ஆனால் மானுக்காகவே தீவனப் பயிர் விதைத்துக் காத்திருப்பதைத் தடை உள்ள பல இடங்களிலும் சட்டம் கண்டுகொள்வதில்லை. “கொட்டினால் குற்றம், விதைத்தால் நியாயமா?” என்று கேட்கிறார்கள்.

தடை கேட்பவர்கள் நோயைக் காரணம் காட்டுகிறார்கள். ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைத்தால் எச்சில் வழியே நோய் பரவும். மான்களை மெலிய வைத்துக் கொல்லும் ஒரு மூளைநோய்க்கு இதுவரை மருந்தே இல்லை. மிச்சிகன் மாநிலத்தின் தென்பகுதியில் 2019-ல் தீனி வைக்கத் தடை வந்ததற்கும் இந்த அச்சம்தான் காரணம்.

இந்தியாவில் அந்த விவாதத்துக்கே இடமில்லை. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், விலங்கைக் கொல்வதை மட்டுமல்ல, கண்ணி வைப்பதையும் இரை காட்டி இழுப்பதையும்கூட ‘வேட்டை’ என்றே சொல்கிறது.

வாயில் வெடிக்கும் இரை

ஆனாலும் இரை வைப்பது நிற்கவில்லை. தமிழகத்தின் காட்டோரக் கிராமங்களில் அதன் பெயர் அவுட்டுக்காய். தின்பண்டத்துக்குள் நாட்டு வெடியை மறைத்து வைப்பார்கள். பன்றி கடித்ததும் வாயிலேயே வெடிக்கும். பன்றிக்கு வைத்ததைப் பன்றிதான் கடிக்கும் என்று யார் சொல்ல முடியும்? மாடு கடிக்கிறது, யானைக்குட்டி கடிக்கிறது. 2020 மே மாதம் கேரளத்தில் கருவுற்ற யானை ஒன்று, வெடி வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்து, ஆற்றுத் தண்ணீருக்குள் நின்றபடியே உயிர்விட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

வைப்பவர்களில் இறைச்சிக்காக வைப்பவர்களும் உண்டு, பயிரைக் காக்க வழி தெரியாதவர்களும் உண்டு. கிழங்கு இறங்கும் நேரத்தில் ஒரு பன்றிக் கூட்டம் புகுந்தால் ஓர் இரவில் பல மாத உழைப்பு போய்விடும். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினர் மட்டும் சுடலாம். கொல்லிமலை போலக் காட்டை ஒட்டியே வயல் வைத்திருப்பவர்களுக்கு இந்த மூன்றாவது விதி எட்டுவது கடினம். அவர்களுக்குக் காவலும் வேலியும் இழப்பீடும்தான் கதி.

பழைய தினைப்புனம்

இந்தத் தொல்லை சங்க காலத்திலேயே இருந்தது. தினைப்புனத்தில் பரண் கட்டிக் கிளி ஓட்டியதும் கவண் வீசியதும் குறிஞ்சிப் பாட்டுகளில் நிறைய வரும். நற்றிணையின் ஒரு பாட்டில், தினை தின்னும் பன்றிக்காகப் புனத்துக்காரன் கல்பொறி வைக்கிறான். அதில் புலி சிக்குகிறது. குறி தப்பும் கதை புதிதல்ல.

புறநானூற்றில் இன்னொரு காட்சி. வேட்டுவன் பலாமர நிழலில் தூங்குகிறான். மற்ற மான்களை ஈர்க்க அவன் வளர்க்கும் பெண்மானைத் தேடி ஒரு காட்டு ஆண்மான் வந்துவிடுகிறது. காயவைத்த தினையைக் காட்டுக்கோழிகள் கொத்துகின்றன. மனைவி கணவனை எழுப்பவில்லை. மான்களின் இன்பம் கெட்டுவிடுமே என்று ஓசையின்றி இருக்கிறாள். இரை வைத்தவன் வீட்டிலேயே இப்படி ஒரு மனசு!

கொல்லிமலையில் அதே மனசை அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்து ஆற்றில் பார்க்கலாம். அறுத்துச் சமைத்த மீன் மீண்டும் ஒன்றுசேர்ந்து உயிரோடு ஆற்றில் நீந்தியது என்பது தலக் கதை. அதனால் பக்தர்கள் மீனுக்கு உணவு போடுகிறார்கள், பிடிப்பதில்லை.

கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு 1000 படிகளுக்கு மேல் இறங்க வேண்டும். ஏறும்போதுதான் முழங்கால் கேள்வி கேட்கும். காலையிலேயே கிளம்புங்கள். திரும்பி இறங்கும்போது வளைவுகளில் குரங்குகளுக்கு பிஸ்கட் வீச வேண்டாம். வண்டி ஓடும் சாலைக்கு விலங்கை வரவழைக்கும் அதுவும் ஒருவகை இரைதான்.