கலங்கிய டீயும் மூன்று கரண்டி வெந்நீரும்

சார்ல்ஸ்டன், தென் கரோலினா

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. கத்திரி வெயிலில் பிள்ளைகள் தினமும் பாட்டில் ஐஸ் டீ வாங்கிக் குடிக்கிறார்கள், அதை வீட்டிலேயே போட முடியாதா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடலாம். நீ சரியான ஊரிலிருக்கும் ஆளைத்தான் கேட்டிருக்கிறாய். அமெரிக்காவில் குடிக்கும் டீயில் முக்கால் பங்குக்கு மேல் ஐஸ் டீதான். அதிலும் இந்தத் தெற்குச் சீமையில் ஓட்டலில் உட்கார்ந்து டீ என்று சொன்னால், சர்க்கரையும் ஐஸும் போட்ட உயரமான கிளாஸ்தான் வரும். சூடாக வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும்.

வெயிலும் நம்ம ஊர் வெயில்தான். கடலோரம், 33 டிகிரி, காற்றெல்லாம் ஈரம். குளித்துவிட்டுத் துடைப்பதற்குள் மறுபடி வியர்த்துவிடும்.

வந்த முதல் கோடையில் நானும் ஐஸ் டீ போட்டேன். இந்தியக் கடையில் வாங்கிய டஸ்ட் டீயை நம் வழக்கப்படி தளதளவென்று கொதிக்கவிட்டு, பால் மட்டும் சேர்க்காமல் வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் ஃபிரிட்ஜில் தள்ளினேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால், மழை பெய்த மறுநாள் செம்மண் குட்டை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கெட்டுப்போய்விட்டது என்று கொட்டப் போனேன். பக்கத்து வீட்டு அம்மா அந்த நேரம் வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். என் கையைப் பிடித்து நிறுத்தினார். "கெட்டுப் போகலம்மா, அவசரப்பட்டுக் குளிர வெச்சுட்டே" என்றார்.

கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்தார். கரண்டியால் மொண்டு அந்த பிளாஸ்டிக் ஜாடிக்குள் ஊற்றினார். முதல் கரண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் ஓரமாகக் கொஞ்சம் இளகியது போலிருந்தது. மூன்றாவது ஊற்றி ஒரு சுற்றுச் சுற்றினார், அவ்வளவுதான், ஜாடிக்கு அந்தப் பக்கம் வைத்திருந்த எலுமிச்சம்பழம் டீ வழியாகவே தெரிந்தது. தேன் நிறத்தில் அத்தனை தெளிவு. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

காரணத்தைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். டீயிலுள்ள காஃபினும் துவர்ப்புச் சத்துகளும் சூட்டில் தனித்தனியாகக் கரைந்து நிற்கும். குளிரும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியும் துகளாகிவிடும். சூடு பட்டால் மறுபடி பிரியும். டீ எத்தனை ஸ்ட்ராங்கோ அத்தனை கலங்கும். அதனால் நம் டஸ்ட் டீயை இதற்கு எடுக்காதே. அது பாலுக்கென்றே செய்தது. குன்னூர், கோத்தகிரி இலைத் தேயிலை வாங்கு. நீலகிரித் தேயிலை குளிரிலும் தெளிவாக நிற்கும் என்று இங்கே டீ தெரிந்தவர்களிடம் நல்ல பேர் இருக்கிறது. அதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

இனி செய்முறை. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கு. அதில் நாலு டீஸ்பூன் இலைத் தேயிலை போட்டு மூடி, ஐந்து நிமிஷம் விடு. அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதே. வடிகட்டும்போது இலையைப் பிழியாதே, கசப்பு இறங்கிவிடும். சூடாக இருக்கும்போதே நாலு மேஜைக்கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கிவிடு; ஆறிய டீயில் போட்டால் எத்தனை கலக்கினாலும் அடியில்தான் கிடக்கும். காய்ச்சி ஆறிய தண்ணீர் இன்னொரு அரை லிட்டர் சேர்த்து, வெளியிலேயே ஆறவிட்டு, அதற்குப் பிறகு ஃபிரிட்ஜில் வை. இந்த ஊர்க்காரர்கள் ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவும் போடுவார்கள். துவர்ப்பு அடங்கும், நிறமும் கூடும். சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு வாடை வந்துவிடும். எலுமிச்சையைக் கிளாஸில் ஊற்றிய பிறகு பிழி. பிழிந்ததும் நிறம் வெளுக்கும், பயப்படாதே.

அடுப்பே வேண்டாமென்றால் இன்னொரு வழி: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் பத்து கிராம் தேயிலை போட்டு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துவிடு. காலையில் வடிகட்டினால் துவர்ப்பே இல்லாத, பூப்போன்ற டீ. எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

ஒன்று மட்டும் செய்யாதே. இங்கே கண்ணாடி ஜாடியில் தண்ணீரும் டீ பையும் போட்டு வெயிலில் வைக்கும் பழக்கம் உண்டு. வடாம் காயும் வெயிலில் டீயும் ஆகுமே என்று உனக்கும் தோன்றும். அந்தத் தண்ணீர் 55 டிகிரியைத் தாண்டுவதில்லை. கிருமி சாகாது, வளரவும் கூடும். பிள்ளைகள் குடிப்பது, வேண்டாம்.

ஐஸ் டீயை 1904-இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் ரிச்சர்டு பிளெச்சிண்டன் என்பவர் கண்டுபிடித்தார் என்று இங்கே கதை சொல்வார்கள். இந்தியத் தேயிலைக்கு ஆள் சேர்க்க வந்தவர், சூட்டில் யாரும் வாங்காததால் ஐஸைப் போட்டாராம். அவர் அதைப் பரப்பினார், சரி. ஆனால் 1879-இல் வந்த வர்ஜீனியா சமையல் புத்தகத்திலேயே செய்முறை இருக்கிறது. கிளாஸ் நிறைய ஐஸ், இரண்டு ஸ்பூன் சர்க்கரை, எலுமிச்சை. ஏதோ ஒரு சமையலறையில் வெக்கை தாங்காத ஒரு பெண்தான் முதலில் போட்டிருப்பாள் என்பது என் எண்ணம்.

ஐஸ் என்றதும் நம் திருவல்லிக்கேணி ஞாபகம் வருகிறது. ஐஸ் ஹவுஸ் ஸ்டாப்பில் எத்தனை வருஷம் பஸ் ஏறியிருப்போம், அந்தப் பேர் எப்படி வந்ததென்று யோசித்திருப்போமா? பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் குளிர்காலத்தில் ஏரிகளில் வெட்டிய ஐஸை மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் ஓடும் கப்பல்களில் ஏற்றி மெட்ராஸுக்கு அனுப்பினார். அதைச் சேர்த்துவைக்க 1842-இல் கட்டியதுதான் இன்றைய விவேகானந்தர் இல்லம். 1854-இல் வந்த 'வால்டன்' நூலில் அமெரிக்க எழுத்தாளர் தோரோ, தம் வீட்டருகே இருந்த குளத்து ஐஸைக் குடிக்கும் வெயிலூர்களை அடுக்கும்போது, சார்ல்ஸ்டனையும் மெட்ராஸையும் ஒரே வாக்கியத்தில் சொல்கிறார். அதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் பக்கத்திலுள்ள வாட்மலா தீவின் டீத் தோட்டத்துக்குப் போனேன். பாசி தொங்கும் ஓக் மரங்கள், சமதரையில் நீள நீளமாய்த் தேயிலைப் பாத்திகள். கொழுந்து பறிக்க ஒரு கை இல்லை, டிராக்டர் போன்ற இயந்திரம் தலைமட்டமாகச் சீவிக்கொண்டு போகிறது. குன்னூர் சரிவில் மழைக்குப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு கொழுந்து கிள்ளிய பெண்களைச் சின்ன வயசில் நாம் பார்த்தோமே, அவர்கள் விரலிலிருந்த கறுப்புக் கறை கண்முன் வந்தது. இலைத் தேயிலை வாங்கும்போது இரண்டு காசு கூடக் கேட்டாலும் கொடு அக்கா.

ஐஸ் கட்டிக்கும் காய்ச்சிய தண்ணீரையே ஊற்று. போட்ட டீயை இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடு. அம்மாவுக்குச் சர்க்கரை போடுவதற்கு முன்பே ஒரு டம்ளர் தனியாக எடுத்து வை; நாலு புதினா இலையைக் கசக்கிப் போட்டுக் கொடு. கலங்கலாக இருந்தால் அம்மா தொடமாட்டாள். வெந்நீர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உன் தங்கை