தாய்ப்பாலும் ஒரு சிட்டிகை உப்பும்

விடுமுறை முடிந்து ராஸ் அல் கைமா திரும்பும் நம்மவர் பெட்டிகளில் தூத்துக்குடிக் கல்லுப்புக்கும் இடமுண்டு. என் பேறுகாலத்துக்கு வந்த மாமியாரும் கொண்டுவந்தார். "கடலில் விளைந்ததில் இல்லாத சத்தா?" என்பது அவர் வாதம். கேட்பதற்கு நியாயமே. ஆயினும் உப்பளப் பாத்தியில் விளையும் உப்பில் அயோடின் மிகச் சொற்பம். பொட்டாசியம் அயோடேட்டாகப் பின்னர் சேர்த்தால்தான் உண்டு. இந்தியாவில் 2006 மே முதல் அது சேராத உப்பை நேரடி உணவுக்கென விற்கத் தடை உள்ளது. அயோடின் சேர்த்த கல்லுப்பும் கிடைக்கிறது. உறையைப் படித்து வாங்க வேண்டும். அவர் கொண்டுவந்த பொட்டலத்தில் எழுத்தே இல்லை. ஊறுகாய் ஜாடிக்குப் போயிற்று.

பெரியவர்க்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும்; பாலூட்டும் தாய்க்கோ 250 வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய்ப்பால் மட்டுமே அருந்தும் மழலைக்கு வேறு வழி ஏது? தைராய்டு சுரப்பும், அதனை நம்பியிருக்கும் மூளை வளர்ச்சியும் அன்னையின் உணவையே எதிர்பார்த்து நிற்கின்றன. குறைந்தால் குழந்தை அழுது காட்டாது என்பதே என்னை அஞ்ச வைத்தது.

இதற்காக உப்பை அள்ளிப் போட வேண்டியதில்லை. இக்கடற்கரைப் புழுக்கத்தில் திறந்த ஜாடி உப்பு நீர்விடும், அயோடினும் குறையும். மூடிய புட்டியில் வைத்து, சமையல் இறுதியில் சேர்ப்பது நலம். பாலும் முட்டையும் கடல்மீனும் துணைசெய்யும். பால் சுரக்கச் சுறாப்புட்டு என்றார் மாமியார். சுறாவில் பாதரசம் மிகுதி என்றேன். மறுநாள் மீன் சந்தையிலிருந்து நெத்திலி வந்தது.