கோணிப்பையும் கொடியும்

தீபாவளிக்குப் பட்டாசு, பொங்கலுக்குக் கரும்பு. சுதந்திர தினத்துக்கு என்னவென்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும் "மிட்டாய்!" என்று சொல்லும். எங்கள் வீட்டுக் குழந்தைகள் மட்டும் "கோணிப்பை!" என்பார்கள். நேயர்கள் சிரித்துவிடுவதற்கு முன் விஷயத்தைச் சற்று விவரமாகவே சொல்லிவிடுகிறோம்.

எங்கள் ஊர் அவிநாசிபாளையம். அவிநாசியப்பர் எழுந்தருளியிருக்கும் அவிநாசி அல்ல; அது திருப்பூருக்கு வடமேற்கே இருக்கிறது. எங்கள் ஊரோ தெற்கே, தாராபுரம் சாலையில். பெயரைக் கேட்டு ஏமாந்து இங்கே வந்து இறங்கும் பக்தர்களுக்கு மோர் கொடுத்து வழி சொல்லி அனுப்புவது எங்கள் ஆத்தாவின் வழக்கம்.

நாங்கள் சிறு பிள்ளைகளாயிருந்தபோது, ஆகஸ்டு 15-ந் தேதி விடிவதற்குள் ஆத்தா வாசல் தெளித்துக் கோலமிட்டு விடுவாள். அப்பாரு பெட்டியிலிருந்து கதர் வேஷ்டியை எடுத்து உடுத்திக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் கொடி ஏறும், பிரசங்கம் நடக்கும். பிரசங்கம் நீள நீள, எங்கள் மனமெல்லாம் ஆரஞ்சு மிட்டாய்த் தட்டிலேயே இருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

உண்மையான வைபவம் சாயங்காலத்தில்தான். அப்பாரு கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "கெளம்புங்க கண்ணுகளா!" என்பார். காலையில் எல்லோரும் சட்டையில் குத்தியிருந்த காகிதக் கொடிகள் அதற்குள் சாலையிலும் சாக்கடை ஓரத்திலும் கிடக்கும். ஒன்று விடாமல் பொறுக்குவோம். அழுக்கைத் துடைத்துத் திண்ணையில் காய வைப்போம். நல்லவை அடுத்த வருஷத்துக்குப் பெட்டியில் போகும். கிழிந்தவற்றை இரவில் புழக்கடையில் வைத்து அப்பாரு கொளுத்துவார். எரிந்து முடியும் வரையில் கைகூப்பி நிற்பார். நாங்களும் நிற்போம், ஏன் என்று கேட்டதில்லை.

1972-ம் ஆண்டு சுதந்திரத்தின் வெள்ளி விழா. ஊரெங்கும் வழக்கத்தை விட அதிகமாகக் கொடிகள். ஆனால் அதற்குச் சில நாள் முன்பு, பள்ளித் தோழர்கள் எங்களைக் "குப்பை பொறுக்கிகள்" என்று கேலி செய்திருந்தார்கள். ஆகவே, "நாங்க வரலீங்க அப்பாரு" என்று சொல்லிவிட்டோம். அவர் கோபிக்கவில்லை; தனியாகவே போனார். இருட்டி வெகு நேரமான பிறகு, பை நிறையக் கொடிகளுடன் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அன்றுதான் அந்தக் கதையைச் சொன்னார்.

1932-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி. காந்திஜி கைதாகி ஆறு நாட்களே ஆகியிருந்தன. திருப்பூரில் தடையை மீறிப் பி. எஸ். சுந்தரம் தலைமையில் ஒரு சிறு ஊர்வலம் புறப்பட்டது. அதில் சென்னிமலையில் பிறந்த குமாரசாமியும் இருந்தார்; வயது 27. தடியடி பட்டு விழுந்த அவர் மறுநாள் உயிர் நீத்தார். கொடி காத்த குமரனை அறியாத தமிழர் உண்டா? ஆனால் அன்று அதே ஊரில் எங்கள் அப்பாருவும் இருந்தார் என்பதை நாங்கள் அறியோம். பன்னிரண்டு வயதுப் பையன். தகப்பனாருடன் பஞ்சு வண்டியில் போயிருந்தார். யாரோ அவர் கையில் ஒரு காகிதக் கொடியைக் கொடுத்திருந்தார்கள்.

"நான் ஒண்ணும் பாக்கலை. சத்தந்தான் கேட்டுது. சனம் ஓடியாந்துது. கொடியைச் சாக்கடையில போட்டுட்டு வண்டிக்கு அடியில பூந்துக்கிட்டேன். என்னைய ஒருத்தரும் அடிக்கலை, ஏண்டான்னுகூடக் கேக்கலை. அப்புறந்தான் சொன்னாங்க, அந்த மனுசன் அடிபட்டு விழுந்தும் கொடியை விடவே இல்லைன்னு."

"பன்னண்டு வயசுல அது ஒரு குத்தமாக்கும்?" என்றாள் ஆத்தா. அவளுக்கும் அது புதிய செய்திதான்.

"குத்தமில்லைதான். ஆனா நான் போட்ட கொடி இன்னும் அங்கியேதானே கெடக்குது?" என்றார் அப்பாரு.

ஆத்தா ஒன்றும் பேசாமல் ஒரு தட்டில் தண்ணீரும் துணியும் கொண்டுவந்து வைத்தாள். எல்லோரும் உட்கார்ந்து கொடிகளைத் துடைத்தோம். மறு வருஷம் எங்களை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

அப்பாருவும் ஆத்தாவும் இப்போது இல்லை. ஊரும் மாறிவிட்டது, பனியன் கம்பெனி வண்டிகள் காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. கையால் நூற்று நெய்த துணியில்தான் தேசியக் கொடி என்றிருந்த விதி 2021-ம் ஆண்டு டிசம்பரில் தளர்ந்து, இயந்திரத்தில் செய்த பாலியஸ்டர் கொடிக்கும் இடம் கிடைத்தது. 2022-ல் வீட்டுக்கு வீடு கொடி பறந்தது. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் காகிதம் ஒரு மழைக்குக் கரைந்துவிடும். பாலியஸ்டரோ வேலி முள்ளில் மாதக்கணக்கில் தொங்கும். அவற்றைத் துவைத்து மடித்து அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கிறோம். கொடியை ஏற்றப் பத்துப் பேர் வருகிறார்கள். இறக்கி வைக்கவும் ஒருவர் வேண்டுமல்லவா?

போன வருஷம் எங்கள் பேத்தி சாக்கடை ஓரத்தில் ஒரு காகிதக் கொடியைக் கண்டெடுத்தாள். இந்தக் கதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள் ஆயிற்றே! "இது பெரிய அப்பாரு போட்டதுங்களா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டோம். அவள் அதைத் தன் பாவாடையிலேயே துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.