கீரனூர்ச் சாலையில் ஒரு முதியோர் இல்லம்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், விமான நிலையத்தைக் கடந்தபின் ஊர்கள் அருகிப் போகின்றன. இருபுறமும் செம்மண் பொட்டல், ஆங்காங்கே தைலமரத் தோப்புகள், மழை பெய்தால் மட்டும் நீர் காணும் கண்மாய்கள். கீரனூரைத் தாண்டினால் நார்த்தாமலைக் குன்றுகள் தலைகாட்டும். அந்தச் சாலையிலிருந்து பிரியும் கிளைப் பாதை ஒன்றில், வேப்ப மரங்களுக்கு நடுவே, கன்னியர் நடத்தும் முதியோர் இல்லம் இருக்கிறது. ஓடு வேய்ந்த நீண்ட கூடம், சிற்றாலயம், கிணற்றடி, நாற்பதுக்கு மேற்பட்ட முதியோர், இவ்வளவே. முதல் வெள்ளிதோறும் அங்குச் சென்று திருப்பலி நிறைவேற்றி, படுக்கையில் இருப்போருக்கு நற்கருணை வழங்கி வருவது என் வழக்கம்.

கூடத்தின் கடைசிக் கட்டிலில் ஒரு பாட்டி இருக்கிறார். வயது 78. நாற்று நட்டும் களை பறித்தும் வாழ்ந்தவர். நான் வருமுன்பே முக்காடிட்டு, கைகூப்பிக் காத்திருப்பார். சென்ற ஆண்டு ஒரு முதல் வெள்ளியன்று நற்கருணையுடன் அருகே சென்றபோது, வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். அடுத்த மாதமும் அவ்வாறே. மகன் வந்து பார்ப்பதில்லை என்ற மனத்தாங்கல் அவருக்கு உண்டென்று அறிவேன். எனவே, மகன்மேல் கொண்ட கோபம் கடவுள்மேல் திரும்பிவிட்டது என்று முடிவு கட்டினேன். மூன்றாம் மாதம் அவர் கட்டிலருகே அமர்ந்து மன்னிப்பைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினேன். குருமடத்தில் பயின்றவை யாவும் அன்று எனக்குத் தங்குதடையின்றி நினைவுக்கு வந்தன! பாட்டி மறுமொழி கூறவில்லை. கண்ணீர் மட்டும் வடிந்தது. மனம் இளகுகிறது என்று மகிழ்ந்து திரும்பினேன்.

அம்மாதமே கன்னியரின் வேண்டுகோளுக்கிணங்கப் பல் மருத்துவர் ஒருவர் கைவிளக்குடன் இல்லத்துக்கு வந்தார். பாட்டியின் கீழ்ப் பல்செட்டைக் கழற்றிப் பார்த்தால், ஈறின் ஓரமெல்லாம் புண். பற்கள் போனபின் தாடை எலும்பு ஆண்டுக்காண்டு தேய்கிறது; பல்செட் அதற்கேற்பச் சுருங்குவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் செய்த செட் ஆடி ஆடி ஈறுகளை அறுத்திருக்கிறது. இரத்த அழுத்தத்திற்காக உண்ணும் மாத்திரைகளால் வாயும் உலர்ந்து போயிருந்தது. உலர்ந்த அண்ணத்தில் திருவப்பம் ஒட்டிக்கொண்டால் நாவால் எடுக்க இயலாது. விரலை விட்டு எடுப்பது ஆண்டவருக்கு அவமரியாதை என்று அஞ்சியே அவர் வாய் திறக்க மறுத்திருக்கிறார்.

"ஏன் பாட்டி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சாமிகிட்டப் போயி பல்லுவலின்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

மருத்துவர் அன்று கூடம் முழுவதும் பார்த்தார். சோற்றைத் தள்ளிவிடும் பெரியவரைப் பிடிவாதக்காரர் என்று எல்லாரும் சொல்லி வந்தோம். அவருக்குப் பல்வேரில் சீழ் கட்டியிருந்தது. நினைவு தடுமாறிய மூதாட்டி ஒருவர், முகம் கழுவிவிட வரும் பணிப்பெண்ணை அடிப்பார். ஒடிந்த பல் ஒன்று அவர் கன்னத்தைக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது; அதைச் சொல்ல அவரிடம் சொற்கள் இல்லை. கன்னியர் குளிப்பாட்டுகின்றனர், புண்ணுக்கு மருந்திடுகின்றனர், இரவில் எழுந்து போர்வையைச் சரி செய்கின்றனர். ஆனால் வாய்க்குள் எவரும் எட்டிப் பார்த்ததில்லை. நானும்தான், மாதந்தோறும் அந்த வாய்களுக்கு முன்பாகவே நின்றிருக்கிறேன்.

இது வெறும் வலியோடு நிற்பதில்லை. தூக்கத்தில் எச்சிலோடு வாய்க் கிருமிகள் மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் அழற்சி வருகிறது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் ஈராண்டுக் காலம் நடத்திய ஆய்வு ஒன்று 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயிற்று. உணவுக்குப்பின் பணியாளர்கள் வாய் துலக்கிவிட்ட முதியோரில் 100-க்கு 11 பேருக்கும், மற்றவரில் 19 பேருக்கும் அந்நோய் கண்டது. துலக்கிவிட்டது சாதாரணப் பல்துலக்கியால்தான்.

முன்பெல்லாம் அவ்வட்டாரத்தில் பல் வைத்தியம் என்றால் தனியார் மருத்துவமனைதான். அதுவும் பெரும்பாலும் மாடியில். மூட்டுவலிக்காரர் எப்படி ஏறுவார்? 2023-இல் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது பெரும் உதவி. சென்ற ஆடி மாதம் இல்லத்து வேனில் பாட்டியையும் வேறு இருவரையும் அழைத்துக்கொண்டு நானும் ஒருமுறை போனேன். பயிற்சி மருத்துவப் பெண்ணொருத்தி, "வாயத் திறங்க ஆச்சி, வலிக்காது" என்று தாடையைப் பிடித்துக்கொண்ட விதம் என் நெஞ்சைத் தொட்டது. மூத்த குடிமக்களுக்கு மருத்துவமனைகளில் தனி வரிசை வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆனால் மருத்துவமனை வாசல்வரை கொண்டு சேர்ப்பவர் யார்? அச்சு எடுக்க ஒருமுறை, கடிவாய் அளக்க ஒருமுறை, பொருத்திப் பார்க்க ஒருமுறை, பின்னர் உரசும் இடத்தைத் தேய்க்க என்று ஒரு பல்செட்டுக்கு நான்கைந்து பயணங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் வேன் வேண்டும். உடன் செல்ல ஒரு கன்னியர் வேண்டும். அன்று கூடத்தில் ஒருவர் குறைவு. நம் பங்குக் குடும்பங்களில் வாகனம் வைத்திருப்போர் பலர் உண்டு என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

திரும்பும் வழியில் புனித அப்போலோனியாவின் கதையைப் பாட்டியிடம் சொன்னேன். 249-ஆம் ஆண்டு அலெக்சாந்திரியாவில், வயது முதிர்ந்த அக்கன்னியின் பற்களைக் கலகக்காரர்கள் அடித்து நொறுக்கினர்; பின்னர் அவர் தீயில் உயிர் துறந்தார். பல் நோயாளரின் பாதுகாவலி அவரே. திருநாள் பிப்ரவரி 9. பாட்டி சற்று நேரம் யோசித்துவிட்டு, "அவங்களும் கெழவிதானா?" என்று கேட்டார்.

இப்போது இல்லத்தில் இரவு மணி அடித்ததும் பல்செட்டுகள் வாயை விட்டு இறங்குகின்றன. துலக்கப்பட்டு, அவரவர் பெயர் எழுதிய டப்பாக்களில் குளிர்ந்த நீரில் ஊறுகின்றன. (முதல் நாள் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் ஊறப்போட்டதால் மறுநாள் காலை நேர்ந்த குழப்பத்தைக் கன்னியர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.) பல் இல்லாதவர்க்கும் ஈறும் நாவும் ஈரத்துணியால் துடைக்கப்படுகின்றன. இரண்டு வாரத்தில் ஆறாத புண் எதுவானாலும் மருத்துவரிடம் காட்டுகின்றனர். வெற்றிலையும் புகையிலையும் போட்டுப் பழகிய வாய்கள் அங்கே அநேகம்.

நானும் என் பங்குக்கு ஒன்று கற்றுக்கொண்டேன். நற்கருணைக்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு மிடறு நீர்; பின்னர்த் திருவப்பத்தின் சிறு துணுக்கு; மறுபடியும் நீர்.

சென்ற முதல் வெள்ளியன்று பாட்டி முக்காடிட்டுக் காத்திருந்தார். வாயைத் திறந்தார். உள்ளே பல் ஒன்றுகூட இல்லை. புதிய செட் எங்கே என்று பிறகு கேட்டேன். தலையணைக்கடியிலிருந்து கைக்குட்டையில் பொதிந்த டப்பாவை எடுத்துக் காட்டினார்.

"அது ஞாயித்துக்கெழம பூசைக்கு, சாமி."