ரத்தக்குழாயைப் பிடித்துக்கொண்டு

மனிதரின் கழுத்தைத் தொட்டு, தைராய்டு இங்கே இருக்கிறது என்று காட்டிவிடலாம். மீனிடம் அப்படி முடியாது. பெரும்பாலான எலும்பு மீன்களில் தைராய்டுக்கு உறை கிடையாது; நுண்ணறைகள் செவுளுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் ஓரம் சிதறிக் கிடக்கும். நான் முதன்முதலில் அறுத்த ஜிலேபிக் கெண்டையில் தொண்டையடிச் சதையை வழித்துச் சுத்தம் செய்துவிட்டேன். சுரப்பியும் அதோடு போயிற்று. மூன்று நாள் வெட்டிய மெழுகு ரிப்பனில் ஒரு நுண்ணறைகூட இல்லை.

இப்போதெல்லாம் தொண்டையடியை அப்படியே, திசுவைக் கெடாமல் நிலைநிறுத்தும் பௌயின் திரவத்தில் போடுகிறேன். பிறகு எலும்பின் சுண்ணாம்பை அமிலத்தில் கரைத்து, மெழுகில் பதித்து, 5 மைக்ரானில் தொடர்ச்சியாக வெட்டுகிறேன். ஸ்லைடில் முதலில் தேடுவது கீழ்ப் பெருந்தமனியைத்தான். அது கிடைத்தால், பக்கத்தில் இயோசின் சாயத்தில் சிவந்த கூழும், அதைச் சுற்றி ஒற்றை வரிசைச் செல்களும் தென்படும். அந்தச் செல்கள் உயர்ந்து நின்றால் சுரப்பி வேலையில் இருக்கிறது; தட்டையாகப் படுத்திருந்தால் ஓய்ந்திருக்கிறது.

என்னை இந்த வேலையில் கட்டிப்போட்டது பிட்யூட்டரி. கடுகளவுதான். மூளையை அவசரமாகத் தூக்கினால், அது தொங்கும் காம்பு அறுந்துவிடும். அதன் முன்பகுதியில் புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் நெருங்கி நிற்கும். நன்னீரில் மீனின் உப்பு வெளியே கசியும், நீர் உள்ளே ஏறும். அந்த உப்பைப் பிடித்துவைப்பது புரோலாக்டின். பிட்யூட்டரி அகற்றிய கில்லி மீனை அந்த ஹார்மோனைச் செலுத்தி நன்னீரில் உயிர்வாழ வைக்கலாம் என்று ஆய்வாளர்கள் கிரேஸ் பிக்ஃபோர்டும் பிலிப்ஸும் 1959-இல் காட்டினார்கள். ஜிலேபிக் கெண்டை நன்னீர், கடல்நீர் இரண்டிலும் பிழைக்கும். நன்னீரில் அதன் புரோலாக்டின் செல்கள் பெருத்திருக்கும். கடல்நீருக்குப் பழக்கினால் சுருங்கும். மாறாக, கடல்நீரில் கூடுதலாக உழைக்கும் சுரப்பியும் உண்டு. சிறுநீரகத்தின் மேல் வெள்ளைப் பொட்டாக இருக்கும் ஸ்டேனியஸ் சுரப்பி, செவுள் வழியே கால்சியம் அளவுமீறி ஏறாமல் தடுப்பது. லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் உள்ள கடலில் அதற்கு வேலை அதிகம்.

நன்னீர் மீனுக்கும் கடல்நீர் மீனுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கண்ணால் நம்ப எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. சந்தை மீனைத் தொடமாட்டேன். செத்துச் சற்று நேரத்திலேயே செல்கள் கரையத் தொடங்கிவிடும். அறுத்த கையோடு திரவத்தில் போட வேண்டும். சாயம் ஒருநாள் போல் மறுநாள் ஏறாது. அதனால் நன்னீர் மீனின் சீவலையும் கடல்நீர் மீனின் சீவலையும் ஒரே ஸ்லைடில் அருகருகே ஒட்டி, ஒரே தொட்டியில்தான் சாயமேற்றுகிறேன்.